ஏர்ஃப்ளோவை ஏபிஐ வழியாக ஓட்டுகிறீர்களா? ரன் ஐடியை நீங்களே கொடுங்கள்

போன மாதம் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே பில் இரண்டு தடவை மெயிலில் போய்விட்டது. அவர் போன் போட்டு "இரண்டுக்கும் பணம் கட்டணுமா தம்பி?" என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. தப்பு முழுக்க நான் எழுதிய கோடில்.

எங்கள் அப்ளிகேஷனில் 'பில் அனுப்பு' என்று ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் அப்பாச்சி ஏர்ஃப்ளோவில் (வேலைகளை வரிசைப்படி ஓட்டும் மென்பொருள்) ஒரு டேக் (DAG, அடுத்தடுத்துச் செய்யவேண்டிய வேலைகளின் தொகுப்பு) ஓடும். கணக்கை எடுத்து, பிடிஎஃப் தயாரித்து, மெயில் அனுப்பும். ஏர்ஃப்ளோவில் 2020 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பிலிருந்தே முறையான ரெஸ்ட் ஏபிஐ (நம் கோடிலிருந்தே கோரிக்கை அனுப்பி அதை இயக்கும் வழி) இருக்கிறது, அதனால் ஓட்டிவிடுவது சுலபம். டேக் பெயருக்கு ஒரு போஸ்ட் கோரிக்கை, உள்ளே அந்த ஓட்டத்துக்கு வேண்டிய விவரத்தோடு கான்ஃப் என்று ஒரு சின்ன ஜேசான். (கான்ஃபில் பில் எண்ணை மட்டும் போடுங்கள், முழு டேட்டாவையும் திணிக்காதீர்கள், அது அப்படியே ஏர்ஃப்ளோவின் டேட்டாபேஸில் போய் உட்காரும்.)

அன்றைக்கு சர்வர் மெதுவாக இருந்தது. என் கோட் 10 வினாடி காத்திருந்தது, பதில் இல்லை, டைம்அவுட், உடனே அதே கோரிக்கையை மறுபடி அனுப்பியது. ஆனால் முதல் கோரிக்கை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது, பதில் திரும்பி வரத்தான் தாமதம். நாம் ரன் ஐடி, அதாவது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் உள்ள அடையாளப் பெயர், கொடுக்காவிட்டால் ஏர்ஃப்ளோ 'மேனுவல்' என்று தொடங்கி நேரத்தையும் ஒட்டித் தானே ஒரு ஐடி வைத்துக்கொள்ளும். இரண்டு கோரிக்கை, இரண்டு நேரம், இரண்டு ஐடி, ஆக இரண்டு மெயில்.

இப்போது ஐடியை நாங்களே கொடுக்கிறோம். பில் எண் 4471 என்றால் ஐடி 'பில்-4471-1'. அதே ஐடியோடு இரண்டாவது கோரிக்கை போனால் ஏர்ஃப்ளோ புது ஓட்டம் தொடங்காது, 409 (ஏற்கெனவே இருப்பதோடு மோதுகிறது என்ற பிழை எண்) என்று திருப்பி அனுப்பிவிடும். அந்த 409ஐ நாங்கள் பிழையாக எடுத்துக்கொள்வதில்லை. 'ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது' என்று அர்த்தம், அந்த ஐடியின் நிலையைக் கேட்டுப் பார்த்தால் போதும். வாடிக்கையாளரே பில்லை இன்னொரு முறை கேட்டால் கடைசி எண் 2 ஆகும். இதில் ஒன்றைக் கவனமாகச் செய்ய வேண்டும்: பட்டனை அழுத்திய நொடியிலேயே ஐடியை உருவாக்கி நம் டேபிளில் எழுதிவிட்டு, அதற்கப்புறம்தான் கோரிக்கையை அனுப்ப வேண்டும். மறுமுயற்சி செய்யும் லூப்புக்குள் ஐடியை உருவாக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் புது ஐடி பிறக்கும், பழைய கதைதான்.

அப்புறம், 200 (சரி என்ற பதில் எண்) வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கோரிக்கையை வாங்கி வரிசையில் வைத்தாயிற்று, அதற்கு அவ்வளவுதான் பொருள். டேக் தற்காலிகமாக நிறுத்தி (pause) வைக்கப்பட்டிருந்தாலும் ஏபிஐ சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும், ஓட்டம் மட்டும் 'கியூடு' நிலையிலேயே கிடக்கும். நாங்கள் 15 வினாடிக்கு ஒரு தடவை நிலையைக் கேட்கிறோம், 5 நிமிடம் தாண்டியும் கியூவிலேயே இருந்தால் எனக்கு மெசேஜ் வரும்.

2025 ஏப்ரலில் வந்த 3.0க்கு மாறுகிறவர்கள் ஏபிஐ பாதை வி1லிருந்து வி2 ஆனதையும், முதலில் டோக்கன் (நாம் யார் என்று காட்டும் அனுமதிச் சீட்டு) வாங்கிவிட்டுத்தான் பேச முடியும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு ஓட்டை பாக்கி. மெயில் போன பிறகு, அந்த டாஸ்க் (டேக்கின் ஒரு படி) முடிந்ததாகப் பதிவாகும் முன் அதை ஓட்டும் வொர்க்கர் புரோகிராம் செத்துவிட்டால், டாஸ்க்குக்கு மறுமுயற்சி வைத்திருந்தால் ஏர்ஃப்ளோவே அதை மறுபடி ஓட்டும், அங்கே ரன் ஐடி காப்பாற்றாது. மெயில் அனுப்பும் டாஸ்க் தொடங்கும்போதே பில் எண்ணைச் சரிபார்க்கும் கோடை இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.