சிரிம் ஸ்டிக்கர் இருந்தால் டிவி பெட்டி லீகலா?

பினாங்கில் டிவி பெட்டி (இணையம் வழி வரும் சேனல்களை டிவியில் காட்டும் சிறு கருவி) விற்பவரிடம் "இது லீகலா?" என்று கேட்டுப் பாருங்கள். பெட்டியைக் கவிழ்த்து, மலேசியத் தரச்சான்று நிறுவனமான சிரிமின் ஸ்டிக்கரைக் காட்டுவார். ஸ்டிக்கர் அசலாகவே இருக்கலாம். 'செக் யுவர் லேபல்' செயலியில் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் அது வைஃபை, புளூடூத் கருவிக்கான தரச்சான்று. உள்ளே ஓடும் சேனலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சேனல் விஷயம் மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2022 மார்ச்சில் நடப்புக்கு வந்த திருத்தம் 43ஏஏ பிரிவைச் சேர்த்தது. திருட்டு ஒளிபரப்புக்கு உதவும் கருவியையோ மென்பொருளையோ விற்றால், இறக்குமதி செய்தால், அந்தச் சேவையை வழங்கினால் குறைந்தது 10,000 வெள்ளி, அதிகபட்சம் 200,000 வெள்ளி அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவரை விட விற்பவர்மீதுதான் இந்தப் பிரிவின் கண். "நான் கடைக்காரன் இல்லையே" என்று அதில் ஆறுதல் வேண்டாம். மொத்தமாக 'கிரெடிட்' (சந்தாவாகப் பிரித்துத் தரக்கூடிய முன்பணப் புள்ளி) வாங்கி வாட்ஸ்அப்பில் தெரிந்தவர்களுக்குப் பிரித்து விற்பவரும் சேவை வழங்குபவரே.

திருட்டுச் சேவையைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. வருடத்துக்கு ஒரே தொகை, உலகத்துச் சேனல் அத்தனையும், பணம் போவது தனிநபர் வங்கிக் கணக்குக்கு, செயலி பிளே ஸ்டோரில் கிடையாது, நாமே நேரடியாக நிறுவ வேண்டிய ஏபிகே கோப்பாக வரும். இவற்றில் இரண்டு பொருந்தினாலே விலகிவிடுங்கள். சர்வர் ஒருநாள் அணைந்தால் புகார் செய்யவும் இடமிருக்காது. மாறாக, முறையாகப் பதிவு செய்த வெளிநாட்டுச் சேவையின் பில்லில் 8% சேவை வரி இருக்கும்.

பெட்டியையும் சோதியுங்கள். பிளே ஸ்டோர் அமைப்புகளில் 'அறிமுகம்' பகுதியில், சாதனம் சான்றளிக்கப்பட்டதா என்று காட்டும். இல்லையென்றால், பணம் கட்டிய நெட்ஃபிளிக்ஸ் கணக்கும் பெரும்பாலும் 480பி என்ற மங்கலான படத்தரத்தைத் தாண்டாது. தெளிவான படத்துக்குத் தேவைப்படும் வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்பு அனுமதி இல்லாததே காரணம். இணைய வேகத்தைத் திட்டிப் பயனில்லை.

பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகளில் இன்னொரு வம்பு, 'பேட்பாக்ஸ்' தீநிரல். 2025 ஜூனில் அமெரிக்க எஃப்பிஐ இதைப் பற்றி எச்சரித்தது. பெட்டியின் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரிலேயே ஏற்றி வருவதால் ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் போகாது. பெட்டியை வீட்டு இணைய இணைப்பிலிருந்து கழற்றுவதே வழி.

உணவகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டுச் சந்தா உரிமம் கடைத் திரைக்குச் செல்லாது. வர்த்தகச் சந்தா தனி.