கோலம் தானே போட்டுக்கொள்ளும் 21 நொடி

நண்பன் சொந்தமாக மெட்டுப் போட்டுப் பாடிய பாட்டு ஒன்று இருக்கிறது. அதற்கு வீடியோ எடுத்துத் தருகிறேன் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். ட்ரோன், மலை உச்சி எதுவும் வேண்டாம். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் இசைக்கு ஒரு சிக்குக் கோலம் தரையில் தானாக விரிய வேண்டும் என்று மட்டும் ஆசை. கோலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்து, ஒவ்வொரு நிலையையும் ஒரு படமாக எடுத்து, வரிசையாக ஓட்டுகிற ஸ்டாப் மோஷன் வேலை. அந்தப் பகுதி இப்போது முடிந்துவிட்டது.

முதலில் கணக்கு. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 90 தட்டு. நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு தட்டுக்குச் சரியாக 16 ஃபிரேம் வரும். ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் தட்டுக்கு 8 படம். இடையிசை ஆதி தாளத்தில் நாலு ஆவர்த்தனம், அதாவது 32 தட்டு, 256 படம். ஓடும் நேரம் 21 நொடி சொச்சம். க்ளிக், அதாவது காதில் சீராகத் தட்டும் ஒலி, வைக்காமல் பாடிய பாட்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது; மறுபடி பாடு என்று நண்பனிடம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

கோலம் 4க்கு 3 நேர்ப்புள்ளி. இரண்டு எண்களுக்கும் 1ஐத் தவிர பொது வகுத்தி இல்லாவிட்டால், எல்லா இடத்திலும் பின்னிக்கொண்டே போகிற கம்பி, அதாவது கோலத்தின் கோடு, ஒரே சுற்றில் முடியும். 4க்கு 4 வைத்தால் நாலு தனிக் கம்பியாகப் பிரிந்துவிடும். 12 புள்ளிக்கு 12 தட்டு. கம்பி தன்னைத்தானே வெட்டும் இடங்கள் 17, வெட்டுக்கு வெட்டு 34 துண்டு. தட்டுக்கு இரண்டு துண்டு வீதம் 17 தட்டு. மீதி 3 தட்டுக்குக் கோலம் சும்மா நிற்கும். இவ்வளவு அழகாகப் பொருந்தியதும் வேலை பாதி முடிந்த மாதிரி இருந்தது. முடியவில்லை.

மணலை வைத்து அசைவூட்டப் படம் எடுத்த கரோலின் லீஃப் 1960களின் கடைசியிலேயே கண்ணாடிக்கு அடியில் விளக்கு வைத்து எடுத்திருக்கிறார். எனக்கும் அந்த யோசனை வந்தது. ஆனால் கீழிருந்து வெளிச்சம் வந்தால் கோலப்பொடி கறுப்பாகத் தெரியும். "கறுப்புக் கோலமா? நீயே போட்டுக்கோ" என்று, கோலம் போட்டுத் தர உட்கார்ந்த அத்தை எழுந்துவிட்டார். அப்புறம் அலமாரிக்கு வாங்கி மிஞ்சிய கடப்பாக் கல்லைத் திருப்பிப் போட்டோம். பாலிஷ் செய்த பக்கத்தில், மேலிருந்து படம் எடுக்கும் போனே தெரிகிறது. சொரசொரப்பான பக்கம்தான் சரி. அரிசி மாவு வேண்டாம். எறும்பு வந்து இழுத்துப் போகும், படத்துக்குப் படம் கோடு இளைக்கும். கல்மாவுதான்.

இரண்டு ஸ்டூலுக்குக் குறுக்கே பலகை, அதில் கிளாம்ப் போட்டுப் போன், எடுப்பதற்கு ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ ஆப். ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டிவிட வேண்டும். பகல் வெளிச்சம் ஆகாது, ஒரு மேகம் போனாலும் படம் மினுக்கும். இரவில் விளக்குப் போட்டால் நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல்பு நொடிக்கு 100 முறை துடிக்கும். அந்தத் துடிப்பு படத்தில் விழாமல் இருக்க ஷட்டர் 1/50 நொடி. ஃபேன் கூடாது. மதுரையில் மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் குனிந்து உட்கார்ந்தால் நெற்றி வேர்வை கோலத்தின் மேலேயே சொட்டும். தலையில் துண்டு கட்டிக்கொண்டோம்.

உண்மையான சிக்கல் கையில் இருந்தது. அத்தை கம்பி இழுத்தால் ஒரே ஓட்டம். கொஞ்சம் இழுங்க, நிறுத்துங்க, படம் எடுத்துக்கிறேன் என்றால், நிறுத்திய இடத்திலெல்லாம் மாவு குவிந்து கம்பி மணி கோத்தது போல ஆனது. "நடுவுல நிறுத்தச் சொன்னா கை திக்குதுடா" என்றார். முழுக் கோலத்தையும் போட்டுவிட்டு அழித்துக்கொண்டே போய்ப் பின்னோக்கி ஓட்டலாமே என்று தோன்றும். ஆனால் வெட்டும் இடத்தில் ஒரு கம்பியை அழித்தால் அடுத்த கம்பியும் சேர்ந்து போகும்.

கடைசியில் இரண்டையும் கலந்தோம். அத்தை ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரை மட்டும் ஒரே மூச்சில் இழுப்பார். ஒரு படம். பிறகு நான் உலர்ந்த பிரஷ்ஷால் கால் பங்கு அழித்து ஒன்று, பாதிக்கு ஒன்று, முக்கால் அழித்து ஒன்று. மிச்சத்தையும் துடைத்து, லென்ஸில் தூசி தட்டும் ரப்பர் பல்பால் ஊதியதும் அவர் அதே துண்டை மறுபடி போட, அடுத்த துண்டுக்குப் போவோம். எடிட்டில் நாலு நாலு படமாகத் திருப்பிப் போட்டால் கம்பி வளர்கிறது. நிறுத்திய இடங்களின் குவியல், குறுக்கே வரும் கம்பிக்கு அடியில் மறைந்துவிடுகிறது. "போடச் சொல்றே, அழிக்கிறே, மறுபடி போடச் சொல்றே. மார்கழி பூரா இப்படிப் போட்டா வாசல்ல ஒரு கோலம் தேறாது" என்று புலம்பினாலும் கை ஓயவில்லை.

மறுபடி போட்ட துண்டு முதல் துண்டு போலவே இருக்காது, மயிரிழை விலகும். ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் ஓட்டிப் பார்த்தபோது ஒவ்வொரு துண்டின் முடிவிலும் கோடு ஒரு துள்ளு துள்ளியது. சரிசெய்யலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பாட்டைச் சேர்த்து ஓட்டினால் அந்தத் துள்ளல் தட்டிலும் அரைத்தட்டிலும் கச்சிதமாக விழுகிறது, மிருதங்கத்துக்குக் கோலம் தலையாட்டுவது போல. அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்தது சரணம். அதில் நண்பன் நடந்து வர வேண்டும், உடம்பு மிதக்க வேண்டும், உதடு மட்டும் பாட்டோடு பொருந்த வேண்டும். அதற்குப் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, நொடிக்கு 48 ஃபிரேமில் எடுத்து, 24க்கு இறக்க வேண்டும். இப்போது அவன் 180 தட்டு வேகத்தில் வாயசைத்துப் பழகுகிறான். பல்லவி வந்துவிட்டது, சரணத்தின் இரண்டாவது வரியில் ழகரம் மூன்று அடுத்தடுத்து வருகிறது, அங்கேதான் நாக்கு சுற்றுகிறது.