விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தது, மாற்றுச் சான்றிதழ்தான் கிடைக்கவில்லை

என் அக்கா மகள் ஒருவழியாகத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாணவியர் விடுதியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். இணையவழி விண்ணப்பமும் தடகளத் தேர்வும் சிக்கலின்றி முடிந்தன. அதன்பின் பழைய பள்ளியிடமிருந்து மாற்றுச் சான்றிதழை வாங்குவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது.

அக்கா கணவர் நான்குவழிச் சாலைப் பணிகளில் பொக்லைன் ஓட்டுபவர். வேலை ஓசூரில் என்றால் குடும்பமும் ஓசூரில். விக்கிரவாண்டிக்கு மாறினால் மூட்டை முடிச்சுகளோடு விக்கிரவாண்டிக்கு. பள்ளிகள் மாறியதைக்கூட அவள் சமாளித்தாள், பயிற்சியாளர்கள் மாறியதுதான் அவளைப் படுத்தியது. ஓட்டம் தொடங்கும்போது கால்களை ஊன்றும் ஸ்டார்டிங் பிளாக்கில் இடக்காலை முன்னே வைக்க ஒருவர் பழக்குவார். அது படிவதற்குள் அடுத்த ஊரில் இன்னொருவர் வலக்காலுக்கு மாற்றச் சொல்வார். 400 மீட்டர் ஓடும் பெண்ணுக்குத் தங்குமிடம், உணவு, பள்ளி, பயிற்சி ஆகியவை ஆண்டுக்கணக்கில் ஒரே ஊரில் அமைய வேண்டும் என்பதற்காகவே விடுதியை நாடினோம். 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குத்தான் அங்கே சேர்க்கை உண்டு. எல்லா விடுதிகளிலும் எல்லா விளையாட்டுகளும் இருப்பதில்லை என்பதையும் விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்பு வரை அவள் படித்தது ஒரு தனியார் பள்ளி. அந்த ஆண்டின் கட்டணம் முழுவதும் செலுத்தப்பட்டு, ரசீதுகளும் அக்காவிடம் பத்திரமாக இருந்தன. ஆனாலும், ஒன்பதாம் வகுப்பின் முதல் பருவக் கட்டணத்தைச் செலுத்தினால்தான் சான்றிதழ் தருவோம் என்றார் அலுவலக எழுத்தர். படிக்கவே போகாத வகுப்புக்கு எதற்குக் கட்டணம் என்று கேட்டதற்குப் பதிலில்லை. ஒரு நாள் தாளாளர் வெளியூரில் இருப்பதாகவும், மறுமுறை முதல்வர் கூட்டத்தில் இருப்பதாகவும் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். "ஓடிக் களைத்துத் திரும்பி இங்கேதான் வருவாள், சீட்டை விட்டுவிடாதீர்கள்" என்று அந்த எழுத்தர் அவள் முகத்துக்கு நேரே சொன்னதை என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை.

கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியாக மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. பாக்கியே இல்லாத எங்களிடம் அவர்கள் கேட்டதற்கு எந்த நியாயமும் கிடையாது. அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு, ரசீதுகளின் நகல்களை இணைத்து, பள்ளி முதல்வருக்குப் பதிவு அஞ்சலில் விண்ணப்பம் அனுப்பினோம். அதன் நகலைத் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும் கொடுத்து ஒப்புகை பெற்றோம். வாய்வார்த்தையாக எத்தனை முறை கேட்டாலும் அசையாதவர்கள், ஒப்புகை முத்திரையைக் கண்டதும் சான்றிதழைக் கொடுத்துவிட்டார்கள்.

தாள் கையில் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அரசின் மாணவர் விவரப் பதிவுத் தளமான எமிஸில் பழைய பள்ளி மாணவியை விடுவித்துப் பொதுத் தொகுப்புக்கு அனுப்பினால்தான் புதிய பள்ளி அவளைத் தன் பட்டியலில் சேர்க்க முடியும். கோபத்திலோ சோம்பலிலோ, இதை மட்டும் அவர்கள் செய்யாமல் விட்டிருந்தார்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகே அதுவும் நகர்ந்தது. சான்றிதழை வாங்கும்போதே எமிஸில் விடுவித்துவிட்டார்களா என்று எதிரில் நின்று கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

ஊர் ஊராக மாறும் குடும்பங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். பெயர் இல்லாத சான்றிதழை வயதுக்கு ஆதாரமாக ஏற்கத் தயங்குவார்கள். பிறப்பு பதிவான ஊரில்தான் பெயர் சேர்க்க விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரில் அலைந்து பயனில்லை. முதல் 12 மாதங்கள் வரை கட்டணமில்லை. அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம்.

விடுதிப் பயிற்சியாளர் இடக்கால்தான் முன்னே என்று முடிவு செய்து, அடுத்த ஆண்டும் அதில் மாற்றமில்லை என்று சொல்லிவிட்டாராம். தொலைபேசியில் அவள் முதலில் சொன்ன செய்தி அதுதான். பழைய பள்ளியிலிருந்தும் ஓர் அழைப்பு வந்தது. மாவட்டக் கல்வி அலுவலரிடம் கொடுத்த மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். சேரும்போது கட்டிய காப்புத் தொகையைத் திருப்பித் தந்த பிறகு கேளுங்கள் என்று அக்கா பதில் சொல்லியிருக்கிறாள்.