துலாவுல பார்த்த பேர் இல்லாத ரைபிள்

மாஸ்கோவுல ஒரு நாள் கையில மிச்சம் இருந்துச்சு, காலைலயே கிளம்பி துலாவுக்கு ட்ரெயின் ஏறிட்டேன், தெற்குப் பக்கம் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். 1712ல பீட்டர் மன்னர் ஆயுதத் தொழிற்சாலை ஆரம்பிச்ச ஊரு இது. ஆயுத மியூசியத்தோட புதுக் கட்டடமே பழைய ரஷ்யப் போர்வீரனோட தலைக்கவசம் மாதிரிதான் கட்டியிருக்காங்க. பீரங்கி, கத்தி எல்லாத்தையும் வேகமா கடந்து நேரா மோசின் ரைபிள், அதாவது செர்கெய் மோசின்ங்குற ராணுவ அதிகாரி வடிவமைச்ச பழைய ரஷ்ய ராணுவத் துப்பாக்கி, இருக்குற இடத்துக்குப் போயிட்டேன், அதுக்குத்தானே வந்ததே.

பார்க்க ரொம்ப சாதாரணமா இருக்கும். நீளமான மரக்கட்டை, குழல், பக்கவாட்டுல நேரா நீட்டிக்கிட்டிருக்குற போல்ட் (தோட்டாவ அறைக்குள்ள தள்ளிப் பூட்டுற இரும்புத் தண்டு) கைப்பிடி. சூட்சுமம் எல்லாம் உள்ளதான். இதோட தோட்டாவுக்கு அடியில விளிம்பு வெளிய துருத்திக்கிட்டு இருக்கும், அஞ்சு தோட்டாவ ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா ஒண்ணோட விளிம்பு இன்னொண்ணுல மாட்டிக்கும், போல்ட்ட முன்னாடி தள்ளும்போது ரெண்டும் சேர்ந்து வந்து சிக்கிக்கும். இதுக்கு மோசின் பண்ணது, உள்ளுக்குள்ள இடது பக்கம் ஒரு சின்ன தகடு. மேல உள்ள தோட்டா அறைக்குள்ள போற வரைக்கும் ரெண்டாவது தோட்டாவ அது அமுக்கிப் பிடிச்சுக்கும், கைப்பிடிய மடக்கிப் பூட்டினதும் விலகி வழிவிடும். வெடிச்சு முடிஞ்ச காலி தோட்டாவ வெளிய தட்டி விடுறதும் அதே தகடுதான்! கண்ணாடி மேல மூக்கு ஒட்டுற அளவுக்கு குனிஞ்சு பார்த்துக்கிட்டே நின்னேன்.

எல்லாமே நல்லாருக்குன்னு சொல்ல மாட்டேன். தவறுதலா சுட்டுடாம இருக்க சேஃப்டி போடணும்னா போல்ட்டுக்குப் பின்னாடி இருக்குற குமிழ இழுத்துத் திருப்பணும், ஸ்பிரிங் அவ்வளவு முரடு, ரஷ்யக் குளிர்ல கையுறையோட ஒரு சிப்பாய் அத எப்படிப் பண்ணியிருப்பான்னே தெரியல.

என்னைப் பிடிச்சு இழுத்தது இதோட பேருதான். ரஷ்ய ராணுவத்துக்குப் புது ரைபிள் தேர்ந்தெடுக்குற போட்டில பெல்ஜியத்துக்காரர் லியோன் நாகான்ட்டும் இருந்தாரு, கிளிப்ல (தோட்டாக்கள சேர்த்துப் பிடிக்கிற சின்னத் தகடு) வச்சு தோட்டா ஏத்துறது மாதிரி சில யோசனைகள அவர்கிட்டேர்ந்து எடுத்துக்கிட்டாங்க, ஆனா அடிப்படை டிசைன் கேப்டன் செர்கெய் மோசினோடது. நாகான்ட்டுக்கு 2,00,000 ரூபிள் கொடுத்தாங்க, மோசினுக்கு 30,000. அது கூட போகட்டும், 1891ல மூணாம் அலெக்சாண்டர் மன்னர் ஒப்புதல் கொடுக்கும்போது யார் பேரும் சேர்க்காம, முன்மொழிஞ்ச பேருல இருந்த 'ரஷ்ய'ங்குற வார்த்தையையும் அடிச்சுட்டு, வெறும் "1891 மாடல் மூணு லைன் ரைபிள்"னு வச்சுட்டாரு. ஒரு இன்ச்சுல பத்துல ஒரு பங்கு ஒரு லைன், மூணு லைன்னா 7.62 மில்லிமீட்டர், குழலோட உள் விட்டம். அளவ பேரா வச்சுட்டாங்க, செஞ்சவர விட்டுட்டாங்க. மோசின் 1902ல செஸ்ட்ரோரெட்ஸ்க் தொழிற்சாலைக்குத் தலைவரா இருக்கும்போதே இறந்துட்டாரு, அவர் பேர சேர்த்து இந்த ரைபிள சொல்ல ஆரம்பிச்சது சோவியத் காலத்துலதான். எனக்கு அங்கேயே மனசு கனத்துப் போச்சு.

ரெண்டு உலகப் போர்லயும் இருந்துச்சு, கோடிக்கணக்குல செஞ்சாங்க, அதே தோட்டாவதான் ட்ராகுனோவ் ஸ்னைப்பர் ரைபிள்ல இன்னிக்கும் போடுறாங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி மறுபடியும் அந்தக் கண்ணாடிகிட்ட போனேன். குழலோட பின்பக்கத்துல துலா தொழிற்சாலை பேரு, வருஷம், நம்பர் எல்லாம் வெட்டியிருக்கு, பக்கத்துல வச்ச அட்டைல மட்டும் மோசின்னு இருக்கு.