பூர்வீகம் தேடல்: மூன்றாம் கட்டக் குறிப்பு

பூர்வீக ஊரைத் தேடிக் கொருக்குப்பேட்டையில் ரயிலேறுவதற்கு முன், வீட்டுப் பரணில் உள்ள பழைய பாத்திரம், ஜாதகம், பத்திரம் எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்துவிட வேண்டும். ஊர்ப் பெயர் உறுதியாகாமல் கிளம்பினால் ஒரு நாள் தண்டம்.

கல்யாணச் சீராக வந்த பித்தளை அண்டா, தவலைகளின் கழுத்தில் பெயரும் ஊரும் வெட்டியிருக்கும். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மங்கிய எழுத்து அதோடு போய்விடும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் விபூதி தடவி மேலாக வழித்தால் பள்ளத்தில் வெள்ளை நிற்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுக்கவும். இதில் கிடைப்பது பெரும்பாலும் பெண் பிறந்த ஊர் என்பது நினைவிருக்கட்டும்.

முன்னோர் பிறந்த ஆண்டை ஜாதகத்தில் பார்க்கும்போதுதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தமிழ் வருஷம் 60 ஆண்டுக்கொரு முறை திரும்பும். 'தாது' என்றால் பஞ்ச காலத்து 1876-ஆகவும் இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம். குருவும் சனியும் 60 ஆண்டில் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிடுவதால் அவற்றை வைத்துத் தீர்க்க முடியாது. ராகுவைப் பாருங்கள், கிட்டத்தட்ட மூன்று ராசி தள்ளி நிற்கும். மாதத்திலும் கவனம்: 1936-இல் பிறந்த தாது வருஷத்தின் மாசி, 1937 பிப்ரவரி-மார்ச்சில்தான் வரும்.

பழைய கிரயப் பத்திரத்தில் உள்ள ஜில்லா, தாலுகாவை அப்படியே நம்பிப் போகக் கூடாது. 1960 ஏப்ரல் 1-இல் சித்தூர் ஜில்லா திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் சில கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. 'செங்கல்பட்டு ஜில்லா, பொன்னேரி தாலுகா' என்று எழுதிய ஊர் இன்று சத்தியவேடு பக்கம் இருந்தால், தமிழ்நாட்டுச் சிட்டா தளத்தில் எத்தனை தேடினாலும் வராது. நிலக்கணக்கு அங்கே தெலுங்கில்.

ஊருக்குள் முதலில் கோயில், கடைசியில்தான் கிராம நிர்வாக அலுவலர். மெட்ராஸ்காரர் வந்ததும் சர்வே நம்பர் கேட்டால் பங்கு கேட்க வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். குலதெய்வம் எது என்று சொன்னால் பங்காளி யார் என்று அவர்களே சொல்வார்கள். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று) வாங்கிய நோட்டு இருக்கிறதா என்று தர்மகர்த்தாவிடம் கேளுங்கள். நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணம் போனவர் பெயர் பட்டாவில் இருக்காது, பழைய வரி நோட்டில் இருக்கும். பெண்கள் பெயர் மட்டும் அதில் பெரும்பாலும் கிடைக்காது.

பாக்கி: மொய் நோட்டுகள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஊர் இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட கல்யாண நோட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் ஊர்களை மட்டும் தனியே எழுதிக்கொண்டால் போதும்.