முதல் குறும்படமும் நான் பதிவு செய்ய மறந்த மௌனமும்

என் முதல் குறும்படம் எட்டு நிமிடம் நாற்பது விநாடி ஓடும். எழுதத் தொடங்கியதிலிருந்து முடித்த படத்தை நண்பர்களோடு உட்கார்ந்து பார்த்தது வரை ஏழு மாதம் ஆனது. அதில் படப்பிடிப்பு இரண்டே நாள். மீதி நாட்களில் பெரும்பகுதியைச் சத்தம் தின்றுவிட்டது. படமெடுக்கப் போகிறவர்கள் கேமராவைப் பற்றி எவ்வளவோ தேடிப் படிக்கிறார்கள், நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் எனக்குத் தேவைப்பட்டது வேறு.

கதை சின்னது. வீட்டைக் காலி செய்யும் அக்காவும் தம்பியும், அப்பா பாதி பழுது பார்த்து விட்டுப்போன ரேடியோவை யார் எடுத்துக்கொள்வது என்று பேசுகிறார்கள். இருவருக்கும் அது வேண்டும். இருவரும் "நீயே வச்சுக்கோ" என்கிறார்கள். அவ்வளவுதான்.

முதலில் எழுதியது பதினான்கு பக்கம். ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது திரைக்கதைக்குச் சொல்லப்படும் பொதுவான கணக்கு. நடிக்க வந்த இருவரையும் உட்காரவைத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். எந்த வசனத்தில் அவர்கள் இரண்டு முறை தடுக்கினார்களோ அதை அடித்தேன். ஒன்பது பக்கமாகக் குறைந்தது. எழுதும்போது அழகாகத் தெரிந்த வரிகள்தான் அதிகம் போயின, வருத்தமாக இருந்தது.

கேமரா என்று தனியாக எதுவும் இல்லை, செல்போன்தான். விநாடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படம்), ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒளியை வாங்கும் நேரம், 1/50 விநாடி. ஃபிரேம் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கினால் வருவதற்குப் பக்கத்தில் ஷட்டரை வைத்தால் அசைவு கண்ணுக்கு இயல்பாக இருக்கும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக உள்ள இடங்களில் விளக்கு மினுக்குவதும் இந்த வேகத்தில் படாது. எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) ஷாட்டுக்கு முன்பே பூட்டிவிட வேண்டும். தானியங்கியில் விட்டால் நடிகர் ஜன்னல் பக்கம் நகர்ந்ததும் அறையின் நிறமே மாறிப்போகும். கேமராவைப் பற்றிச் சொல்ல இவ்வளவு போதும்.

காட்சியை வசன வரிசைப்படி எடுக்கவில்லை. ஜன்னலைப் பார்த்து வைக்கும் ஷாட்டுகளையெல்லாம் காலையிலேயே முடித்தோம், ஏனென்றால் மூன்று நிமிடக் காட்சியை எடுக்க ஐந்து மணி நேரம் ஆனது, அதற்குள் வெயில் அறையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்துவிட்டது. ஷாட் பட்டியல் கையில் இருந்ததால் தப்பித்தோம். அப்படியும் ஒரு இடத்தில் லைன் கிராஸ் ஆகிவிட்டது. பேசும் இருவருக்கும் நடுவே ஒரு கற்பனைக் கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, கேமரா அதன் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். நான் அவசரத்தில் தாண்டிவிட்டேன். எடிட்டிங்கில் பார்த்தால் அக்காவும் தம்பியும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுகிறார்கள். நடுவில் ரேடியோவின் குளோஸ் அப் ஒன்றை வைத்ததும் கண்ணுக்கு அது உறுத்தவில்லை.

சத்தத்துக்கு வருகிறேன். இருவருக்கும் சட்டைக்குள் காலர் மைக், தனி ரெக்கார்டர். ஒவ்வொரு டேக்கிலும் ஷாட் எண்ணைச் சொல்லிக் கைதட்டினோம், படத்தையும் ஒலியையும் பிறகு அந்தத் தட்டலில் ஒன்றுசேர்க்க. இரைச்சல் பதிவாகக் கூடாது என்று ஃபிரிட்ஜை அணைத்தோம். திரும்பப் போட மறக்காமலிருக்க என் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன், எங்கோ படித்த யோசனை, நன்றாகவே வேலை செய்தது. இரவு வீடு திரும்பியதும் இரண்டு தனி ஹார்டு டிஸ்க்குகளில் நகல் எடுத்த பிறகே மெமரி கார்டைத் தொட்டேன்.

இவ்வளவு கவனமாக இருந்தும் ரூம் டோன் எடுக்க மறந்துவிட்டேன். யாரும் பேசாமல், நகராமல், அதே அறையின் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்து வைப்பதற்குப் பெயர்தான் ரூம் டோன். அமைதி என்கிறோமே தவிர, எந்த அறையும் முழுக்க மௌனமாக இருப்பதில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய இரைச்சல் உண்டு. இரண்டு வசனங்களை வெட்டி ஒட்டும்போது நடுவில் அந்த இரைச்சல் இல்லாவிட்டால் காதுக்குள் ஒரு குழி விழுந்த மாதிரி இருக்கும். என் ரஃப் கட், அதாவது முதல் கட்டத் தொகுப்பு, முழுக்க அப்படிப்பட்ட குழிகள். மூன்று வாரம் கழித்து அதே வீட்டுக்குப் போய், அதே நேரத்தில், அதே மைக்கை வைத்து இரண்டு நிமிடம் அசையாமல் நின்று பதிவு செய்தேன். அதைக் காட்சி முழுவதற்கும் அடியில் விரித்ததும் வெட்டுகள் காணாமல் போயின. அன்று இரவு அந்தக் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு பலமுறை கேட்டேன்.

இன்னொரு தலைவலியும் இருந்தது. நீளமான டேக்குகளில் ஆரம்பத்தில் பொருந்தும் உதட்டசைவு போகப் போக விலகியது. செல்போன்கள் பல நேரம் ஃபிரேம் வேகத்தைச் சீராக வைப்பதில்லை, லேசாகக் கூட்டிக் குறைக்கும். எல்லா வீடியோக்களையும் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றி, மறுபடியும் முதலிலிருந்து கோத்தேன்.

சரி, சத்தம் சீரானது. ஆனாலும் முக்கியமான காட்சி உயிரில்லாமல் கிடந்தது. அக்காவாக நடித்தவரிடமே போட்டுக் காட்டினேன். "நான் பேசுறப்போ தம்பி என்ன பண்றான்னு தெரியலையே" என்றார். யார் பேசுகிறாரோ அவர் முகத்தையே மாற்றி மாற்றி வைத்திருந்தேன். கேட்பவரின் முகத்துக்கென்று ரியாக்‌ஷன் ஷாட்டே எடுத்திருக்கவில்லை. எல்லா டேக்கையும் மறுபடி தேடினேன். நான் 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன், கேமரா ஓடத் தொடங்கிவிட்ட நேரத்தில், தம்பியாக நடித்தவர் ரேடியோவின் திருகைத் தடவிக்கொண்டு ஆறு விநாடி சும்மா உட்கார்ந்திருக்கிறார். அதை எடுத்து அக்காவின் வசனத்தின் மேல் வைத்தேன். அவள் குரல் ஓடுகிறது, முகம் அவனுடையது. படத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

பின்னணி இசைக்கு இலவச உரிமத்தில் ஒரு வயலின் துண்டு கிடைத்தது. உரிமத்தைப் படித்துப் பார்த்தால், மாற்றி வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை கொண்ட கிரியேட்டிவ் காமன்ஸ் வகை. அந்த வகையில் இசையைக் காட்சியோடு சேர்ப்பதே மாற்றமாகத்தான் கொள்ளப்படும். இசையைப் படத்திலிருந்து நீக்கிவிட்டேன். நீக்கிய பிறகு கேட்டால், பெட்டியை ஒட்டும் டேப்பின் சத்தமும் காலி அறையில் குரல் மோதித் திரும்புவதும் போதுமானதாக இருந்தன. டேப் சத்தத்தை மட்டும் மைக்குக்குப் பக்கத்தில் வைத்துத் தனியாகப் பதிவு செய்து சேர்த்தேன்.

நண்பர்கள் பார்த்த அன்று நான் திரையைப் பார்க்கவில்லை, அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆறு விநாடியில் அறையில் யாரும் அசையவில்லை.

இப்போது இரண்டாவது கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஷாட் பட்டியலில் ஒவ்வொரு காட்சிக்கும் எதிரே 'யார் கேட்கிறார்' என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். கடைசி வரியில், ஒவ்வொரு இடத்துக்கும், ரூம் டோன் ஒரு நிமிடம்.