ஒரு இன்ஷியலுக்காக நான்கு நடை

வைகாசியின் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சிக் குடிவந்துவிட்டோம். பத்து நாளாகிறது. சாமான் தூக்கிய அலுப்பெல்லாம் போய்விட்டது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு நடந்த நடையை நினைத்தால்தான் இன்னும் ஆறவில்லை. எனக்கு நேர்ந்தது இன்னொரு பெண்ணுக்கு நேரக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் மனை திருச்சிக்கு வெளியே ஒரு கிராம ஊராட்சியில் இருக்கிறது. கட்டட அனுமதி, 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் (விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே உறுதி கொடுப்பது) சிக்கலில்லாமல் கிடைத்தது. வீட்டு வரி ரசீதும் ஒரே நடையில் முடிந்தது. கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக மின் இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்றும் இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

அதைத் தள்ளிப்போடவும் வழியில்லை. தற்காலிக இணைப்பில் யூனிட்டுக்கு 12 ரூபாய்க்கு மேல் போகிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது வீட்டு இணைப்புக்குத்தான். டைல்ஸ் வேலையும் மோட்டாரும் ஓடிய மாதங்களில் வந்த பில்லைப் பார்த்தே பயந்து போயிருந்தோம். வைகாசியை விட்டால் ஆனி, ஆடி இரண்டிலும் எங்கள் வீட்டில் புதுமனை புக மாட்டார்கள், ஆவணிவரை காத்திருக்க வேண்டும். வாடகை வீட்டுக்காரரோ அடுத்த குடித்தனத்திடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டார்.

எலக்ட்ரீஷியனே ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார். எட்டு நாள் ஆகியும் ஒரு தகவலும் இல்லை. நேரில் போய்க் கேட்டபோது கவுன்ட்டரில் இருந்தவர், "அது ரிட்டர்ன் ஆகி அஞ்சு நாளாச்சே, மெசேஜ் வரலையா?" என்றார். மெசேஜ் போனது எலக்ட்ரீஷியன் நம்பருக்கு. அவர் வேறு சைட்டில் வேலையாக இருந்ததால் பார்க்கவில்லை. யார் விண்ணப்பித்தாலும் சரி, செல்போன் எண் உங்களுடையதாக இருக்கட்டும். ஐந்து நாள் எனக்கு அதிலேயே போயிற்று.

சரி, ஏன் திருப்பி அனுப்பினார்கள்? இன்ஷியல். மனை எனக்குக் கல்யாணத்துக்கு முன்பு அப்பா எழுதிக்கொடுத்தது. பத்திரம், பட்டா, வீட்டு வரி மூன்றிலும் அப்பாவின் இன்ஷியல். ஆதாரில் கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் இன்ஷியலுக்கு மாற்றியிருந்தேன். தற்காலிக இணைப்பு ஆதாரை வைத்து வாங்கியது. "பேப்பர்படி ரெண்டும் வேற வேற ஆளும்மா. அபிடவிட் கொண்டு வாங்க" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

இரண்டு இன்ஷியலும் என்னுடையதுதான் என்ற உறுதிமொழியை 200 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுநாள் போனேன். "இதோட கல்யாணப் பதிவுச் சான்றும் வேணுமே" என்றார். இதை முதல் நாளே சேர்த்துச் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்தவளிடம் ஒவ்வொன்றாகச் சொல்வது என்ன நியாயம்? அன்று பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அழுகை வந்துவிட்டது.

அந்தச் சான்று எங்கே? பெட்டிக்குள். 31 அட்டைப்பெட்டி கட்டி ஹாலில் அடுக்கியிருந்தோம். ஒரு குக்கர், ஒரு தோசைக்கல், ஆளுக்கொரு தட்டு, இவ்வளவுதான் வெளியே. பெட்டிகளில் ஆறேழின் மேல் வெறுமனே "சாமான்" என்று எழுதியிருந்தது. ராத்திரி பதினொரு மணிவரை ஒவ்வொன்றாக டேப்பைக் கிழித்துத் தேடினோம். கடைசியில் அத்தைக்குத்தான் ஞாபகம் வந்தது. மடங்கக் கூடாது என்று அவர்களே அந்த ஃபைலைப் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்தார்கள். பத்திரம், வரி ரசீது, ஆதார், கல்யாணச் சான்று, கேஸ் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு கைப்பையில் போட்டு, குடிபோகும் நாள்வரை கூடவே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போடவே போடாதீர்கள்.

மூன்றாவது நடை முழுக்க வீண். உதவிப் பொறியாளர் லைன் வேலையைப் பார்க்க வெளியே போயிருந்தார். காகிதங்களை வாங்கி வைக்கவாவது சொன்னேன், கவுன்ட்டரில் மாட்டேன் என்றுவிட்டார்கள். அன்று அங்கே காத்திருந்த ஒரு பெரியவர்தான், "காலையில ஆபீஸ் திறக்கும்போதே வந்துரும்மா, அதுக்கப்புறம் அவர் ஃபீல்டுக்குப் போயிருவார்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்குக் கோடிப் புண்ணியம்.

நான்காவது நாள் அலுவலகம் திறக்கும்போதே நின்றேன். உதவிப் பொறியாளர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "முதல்லயே என்கிட்ட காட்டியிருக்கலாமேம்மா" என்றார். அங்கேயே செல்போன் எண்ணையும் என்னுடையதாக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் வீட்டைப் பார்க்க வந்தவர்கள் இன்னொன்றைப் பிடித்தார்கள். மெயின் போர்டில் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச், இல்லை. இடம் மட்டும் விட்டு வைத்திருந்தார் எலக்ட்ரீஷியன். இதில் அவர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை, மின்கசிவில் உயிரைக் காப்பது அதுதான். சின்னக் குழந்தை இருக்கிற வீடு. அன்று சாயங்காலமே 30 மில்லி ஆம்பியரில் ஒன்று வாங்கி மாட்டி, டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்து, போட்டோ அனுப்பினோம். இரண்டு நாளில் இணைப்பு மாறிவிட்டதாக மெசேஜ் வந்தது, இந்த முறை என் போனுக்கே. முகூர்த்தத்துக்கு மூன்று நாள்தான் பாக்கி.

அப்பா இன்ஷியலில் இருக்கிற பத்திரத்தையும் கணவர் இன்ஷியலில் இருக்கிற ஆதாரையும் வைத்துக்கொண்டு வீடு கட்டும் பெண்கள் நம் பக்கம் நிறையப் பேர். அஸ்திவாரம் போடும்போதே எல்லாக் காகிதத்தையும் வரிசையாகப் பரப்பி, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தற்காலிக இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போதே அபிடவிட்டும் கல்யாணச் சான்றும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். திருப்பி அனுப்பினால், கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் காரணத்தை முழுதாகக் காட்டச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள், வாய்வார்த்தையை நம்பி வந்துவிடாதீர்கள்.

கேஸ் முகவரி ஒரே நாளில் மாறிவிட்டது. ரேஷன் கார்டு பாக்கி இருக்கிறது. திங்கட்கிழமை போகிறேன், அபிடவிட் பையிலேயே இருக்கிறது.